ஈயின் சுரப்பியும் மனிதனின் புராஸ்டேட்டும்

புராஸ்டேட்டைப் பற்றிய ஆராய்ச்சியை நோய் முடுக்கிவிட்டது. பழ ஈயின் துணைச் சுரப்பியைப் பற்றிய ஆராய்ச்சியை நடத்தை முடுக்கிவிட்டது. 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், விந்தகங்களை அகற்றினால் புராஸ்டேட் புற்று ஒடுங்குகிறது என்று காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார். ஈ ஆய்வாளர்களின் கேள்வியோ வேறு: ஒருமுறை கூடிய பெண் ஈ ஏன் அடுத்த ஆணை விரட்டுகிறது, ஏன் முட்டைகளை இட்டுத் தள்ளுகிறது? ஆணின் துணைச் சுரப்பியில் ஊறும், 36 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட பெப்டைடு ஒன்று இதைச் செய்கிறது என்று 1988-இல் சூரிச் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்த இரு தரப்பும் நெடுநாள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. மரபணு வரிசைகள் கைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. 2004-இல் ஈயின் விந்துப் புரதங்களை வடிவ ஒப்பீட்டில் வைத்தபோது, புரதத்தை வெட்டும் நொதிகள், அவற்றை அடக்கும் புரதங்கள், லிப்பேஸ்கள், லெக்டின்கள் எனப் பாலூட்டிகளின் விந்தில் உள்ள அதே வகைகள் அங்கும் தென்பட்டன.

அதைக்கொண்டு ஈயின் சுரப்பியைப் புராஸ்டேட்டின் மூதாதையாகவோ சகோதரியாகவோ பேசுவது சரியல்ல என்பது என் கட்சி. ஈயின் சுரப்பி, வளர்ச்சிக் காரணி ஒன்றின் அழைப்பில் வந்துசேரும் நடுப்படலச் செல்களிலிருந்து உருவாகிறது. புராஸ்டேட்டின் சுரக்கும் படலமோ உட்படலத்திலிருந்து. இரண்டுக்கும் பொது மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதற்கு இப்படியொரு சுரப்பி இருந்ததற்குச் சான்றே இல்லை. உறுப்பு வழிவழியாக வரவில்லை, வேலைக்கேற்ற பழைய மரபணுக்கள் இரு இடங்களில் தனித்தனியே அமர்த்தப்பட்டிருக்கின்றன.

புரதம் சுரக்கும் செல் எதுவானாலும் ஒரே மாதிரி மரபணுக்களைத்தானே இயக்கும், இதில் என்ன வியப்பு என்று ஒருவர் கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இயங்குபவற்றைக் கழித்துவிட்டு எஞ்சுவதைப் பார்க்காத ஒப்பீடு வெறும் எண்ணிக்கைதான். சுரப்பி முழுவதையும் அரைத்து மரபணு வெளிப்பாட்டை அளந்த நாட்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது: ஈயின் சுரப்பி மடல் ஒன்றில் ஏறக்குறைய 1000 முதன்மைச் செல்கள், இரண்டாம் வகைச் செல்களோ சுமார் 40. பெரும்பான்மையின் குரலே கேட்டது. செல் உட்கருக்களைத் தனித்தனியே படிக்கும் ஈ செல் வரைபடம் 2022-இல் வந்து இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது.

வேர் ஒன்றல்ல என்றால் ஒப்பிட்டு என்ன பயன் என்பது அடுத்த ஆட்சேபம். பயன் அந்த 40 செல்களில் இருக்கிறது. கூடிய ஆண் ஈயில் இவை எக்டைசோன் என்ற ஹார்மோனின் ஏற்பியைக் கொண்டே, அந்த ஹார்மோன் இல்லாமலும் வளர்கின்றன என்று 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு காட்டியது. ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை நிறுத்திய பிறகும் வளரும் புராஸ்டேட் புற்றில் அதன் ஏற்பி செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஈக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பியே கிடையாது. ஆனாலும் ஏற்பி ஹார்மோனின் பிடியிலிருந்து நழுவும் விதத்தை அதில் சோதிக்கலாம். அடித்தளச் செல்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் அது உதவாது: புராஸ்டேட்டில் அவை தனி அடுக்காக நிற்கின்றன, ஈயின் சுரப்பிக்கோ உள்ளது ஒரே அடுக்கு.