ஐந்து வாக்கியக் கடிதம்

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர்கள் பாஸ்டனின் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். ஓபியம் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப்பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர்தான் அதற்கு அடிமையானார்கள் என்றது கடிதம். மொத்தமே ஐந்து வாக்கியங்கள்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் எல்லோரும் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள். தீராத முதுகுவலிக்கு மாதக்கணக்கில் வீட்டிலேயே மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றிக் கடிதம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் 'அடிமையாவது அபூர்வம்' என்பதற்கு அதுவே ஆதாரமாகிப் போனது. 1996-ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம், அதன் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதை 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2019 வரை ஓபியாய்டு மருந்துகளாலும் போதைப்பொருள்களாலும் அமெரிக்காவில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர்.

2017-ல் வந்த ஆய்வு ஒன்று, அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளைத் தேடிப் பிடித்தது. அவற்றில் 491, நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. எத்தனை பேர் அந்த ஐந்து வாக்கியங்களை முழுதாகப் படித்திருப்பார்கள்?