தகரப்பெட்டியின் வரலாறு: போடிமெட்டுப் பாதையும் வீட்டில் பூட்டிய கணினியும்

மேசைக் கணினியின் உலோகக் கூட்டுக்குத் தமிழகத்தில் இரண்டு பெயர்கள் வழங்கின. வீட்டில் அது ‘சி.பி.யு.’, கடைத்தெருவில் ‘கேபினட்’. முதற்பெயர் பிழையானது. மையச் செயலகம் என்பது பெட்டிக்குள் விசிறியின் அடியில் மறைந்திருக்கும் சில்லை மட்டுமே குறிக்கும். எனினும் பெட்டியையே கணினி என்று கருதிய ஒரு தலைமுறையின் பார்வை அப்பிழையில் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது பெயருக்கு மரபு உண்டு. வானொலிக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் செய்த மரக்கூட்டைச் சுட்டிய அதே சொல்தான் கணினியின் தகரக்கூட்டுக்கும் வந்து சேர்ந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு வானொலி உதிரிப் பாகங்களிலிருந்து கணினி உதிரிப் பாகங்களுக்கு மாறியபோது, வணிகத்தோடு சொல்லும் இடம்பெயர்ந்தது.

இந்தியக் கணினி வரலாற்றெழுத்து பெரும்பாலும் மென்பொருளைச் சுற்றியே அமைந்துள்ளது. பெங்களூரு, ஏற்றுமதி, 2000ஆம் ஆண்டுச் சிக்கல் என்று அதன் தடம் செல்கிறது. மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை முன்வைத்து அன்றாடத் தொழில்நுட்பத்தின் இந்திய வரலாற்றை 2013இல் எழுதிய டேவிட் அர்னால்டின் நோக்கு கணினிப் பெட்டிக்கும் பொருந்தும். ஆனால் அதைப் பொருத்திப் பார்த்தோர் குறைவு. வீட்டுக் கூடத்தில் திருப்புளியோடு அமர்ந்து ஒரு கேபினட்டைக் கழற்றிப் பூட்டுவதும், துளையிட்டு மாற்றுவதும் பொழுதுபோக்கு என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டுவிட்டன. அச்செயலை வரி, மின்சாரம், திருகாணி, ஈரக்காற்று ஆகியவற்றின் வரலாறாகவும் வாசிக்கலாம். அவ்வாறு வாசிப்பதற்குப் பெருநகரத்தைவிட ஒரு மலைப்பாதை தகுந்த இடம். போடிநாயக்கனூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தபின், தமிழகமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் போடிமெட்டு அத்தகைய இடம்.

வீட்டில் ஒருவர் கணினியைப் பூட்ட முடிந்ததற்கு முதற்காரணம் 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். 5150. அதன் அமைப்பைத் தொழில்நுட்பக் கையேடாக அந்நிறுவனமே அச்சிட்டு விற்றது. பிறர் அதற்கேற்ற அட்டைகளையும், பின்னர் முழு நகல்களையும் செய்யத் தொடங்கினர். 1984இல் வந்த ஏ.டி. மாதிரியின் பெயரே தாய்ப்பலகைக்கும் பெட்டிக்குமான அளவுத்தரத்தின் பெயராயிற்று. அத்தரம் அங்குலத்தில் பிறந்தது. இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறைக்கு மாறிய நாடு. ஆகவே வன்தட்டையும் பக்கத் தகட்டையும் இறுக்கும் 6-32 என்னும் அமெரிக்க மரைத் திருகாணி தொலைந்தால் ஊர் இரும்புக்கடையில் மாற்று கிடைப்பது அரிது. குறுந்தட்டு இயக்கிக்குரிய மூன்று மில்லிமீட்டர் ஆணி அங்கே கிடைக்கும், ஆனால் அது இந்த மரையில் நிற்காது. கணினி பழுதுபார்ப்போர் ஒவ்வொருவரிடமும் பழைய திருகாணிகள் நிறைந்த ஒரு டப்பா இருந்ததன் காரணம் இதுவே.

இதைவிடப் பெரிய திருப்பம் 1995 ஜூலையில் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரத்தில் நிகழ்ந்தது. பாடநூல்கள் இதைத் தாய்ப்பலகையின் அளவு மாற்றமாகவே குறிப்பிடுகின்றன: 305க்கு 244 மில்லிமீட்டர், பின்புற இணைப்புகளுக்கு ஒரே சீரான சாளரம், அவ்வளவே. பெட்டியைத் திறக்கும் கைக்கு அது வேறொன்றாக இருந்தது. பழைய ஏ.டி. நெட்டைப் பெட்டிகளில் முன்பக்க விசை 230 வோல்ட் மின்சாரத்தையே நேரடியாக வெட்டியது. மின்வழங்கியிலிருந்து பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என நான்கு கம்பிகள் பெட்டியின் முகப்புவரை ஓடின. அவற்றை இடம்மாற்றிச் செருகினால் வீட்டின் ஃபியூஸ் போகும். உறை கிழிந்த கம்பி தகரத்தில் பட்டால் பெட்டி முழுவதும் மின்னேறும். தாய்ப்பலகைக்குச் செல்லும் இரு இணைப்பிகளை ஒட்டவைக்கும்போது கறுப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் நடுவில் சேரவேண்டும் என்பது அக்காலப் பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்யவேண்டிய விதி. மாற்றிச் செருகினால் தாய்ப்பலகை பலியாகும். இத்தகைய பெட்டியின் முகப்பை அறுப்பதும் விசையை இடம்மாற்றுவதும் மின்பணியாளருக்குரிய வேலை. பள்ளி மாணவருக்குரியது அன்று.

ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியோ எப்போதும் ஒரு மெல்லிய 5 வோல்ட் மின்னோட்டத்தை ஊதாக் கம்பி வழியே தாய்ப்பலகைக்கு அளித்துக்கொண்டிருக்கும். முகப்பு விசை தாய்ப்பலகையின் இரண்டு ஊசிகளை ஒரு கணம் தொடவைக்கிறது. பலகை மின்வழங்கியை எழுப்புகிறது. அவ்விரு ஊசிகளுக்கு நேர், எதிர் என்ற பேதம்கூடக் கிடையாது. அழைப்புமணிப் பொத்தானையும் அங்கே இணைக்கலாம். வீட்டு மின்சாரம் பெட்டியின் பின்மூலையில், மூடிய மின்வழங்கிக்குள் அடங்கிவிட்டது. முகப்பை வெட்டலாம், விளக்கு வைக்கலாம், விசையை மேசைக்கு மேலே கொண்டுவரலாம். கேபினட்டை வீட்டில் மாற்றியமைக்கும் வழக்கம் மேற்கில் 1990களின் பிற்பகுதியில் பரவியதற்கு இளைஞர் ரசனையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. உயிருக்கு அஞ்சாமல் பெட்டியில் கைவைக்க வழி பிறந்ததும் அதே ஆண்டுகளில்தான். 1998இல் ஆப்பிளின் ஐமேக் ஒளி ஊடுருவும் வண்ணக் கூட்டோடு வந்தபின் சாம்பல்வெண்மைப் பெட்டியின் சலிப்பும் சேர்ந்துகொண்டது.

தமிழகத்தில் தொடக்கக் காரணம் அழகன்று, விலை. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கையும் 1991க்குப் பிந்தைய தாராளமயமும் உதிரிப் பாகங்களின் வரவை எளிதாக்கின. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் 1997இல் இந்தியா இணைந்தது. உடன்படிக்கைப் பொருள்களின் சுங்கவரி 2005க்குள் படிப்படியாகச் சுழியத்துக்கு இறங்கியது. நிறுவனப் பெயர் பொறித்த ‘பிராண்டட்’ கணினிக்கும் கடையில் பூட்டிய ‘அசெம்பிள்ட்’ கணினிக்கும் இடையிலிருந்த விலை வேறுபாட்டில் ஒரு முழு வணிக உலகமே வாழ்ந்தது. தாய்ப்பலகை தைவானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும். பெட்டியோ மின்வழங்கியோடு சேர்ந்தே விற்கப்படும், ‘எஸ்.எம்.பி.எஸ். சேர்த்து’ என்பதே விலைப்பேச்சின் வாய்பாடு. தகடு மெலியமெலியப் பெட்டி மலிந்தது. விரல் அறுபடாமல் மலிவுப் பெட்டியைப் பூட்டியவர் குறைவு.

கோவையில் வாங்கிய பொருள் வாளையாறு வழியே பாலக்காட்டை அடையும். மதுரையிலும் தேனியிலும் வாங்கியது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வாயில்களில் ஒன்றின் வழியே ஏலமலைக்கு ஏறும். மாநில எல்லை வரி எல்லையாகவும் இருந்தது. கேரளம் 2005 ஏப்ரல் 1 அன்று மதிப்புக்கூட்டு வரிக்கு மாறியது; தமிழகம் 2007 ஜனவரி 1 வரை பழைய விற்பனை வரியிலேயே நின்றது. அந்த இருபத்தொரு மாதங்கள் ஒரே மலையின் இரு சரிவுகளில் இரு வரிமுறைகள் நடந்தன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் அகலும்வரை, வணிகச் சரக்காக மலையேறும் பொருளுக்கு உரிய தாள்கள் வேண்டும். முழுக் கணினி கண்ணுக்குத் தெரியும் சரக்கு. ஒரு நினைவகத் தகடு சட்டைப் பைக்குள் அடங்கும். உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டும் பழக்கத்தை எல்லையும் தன் பங்குக்கு வளர்த்திருக்கும் என்று கருத இடமுண்டு. பெட்டி மட்டும் எப்போதும் பெட்டியாகவே மலையேறியாக வேண்டும். மதுரை–போடி மீட்டர்கேஜ் தொடர்வண்டி 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றது; 2023இல்தான் மீண்டும் போடியை எட்டியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பேருந்தும் பார்சல் வண்டியும் ஜீப்புமே போக்கிடம்.

ஏலமலைப் பொருளாதாரத்துக்குள் கணினி வெறும் விளையாட்டுப் பொருளாக நுழையவில்லை. நறுமணப் பொருள் வாரியம் 2007இல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் வணிகர்கள் திரைகளின்முன் அமர்ந்து விலை கேட்கத் தொடங்கினர். ஏலம் ஏலத்துக்கு வரும் இவ்வூரில் இரு பொருளும் ஒரே சொல்லில் அடங்குவது தற்செயல்தான். ஆயினும் இரண்டும் ஒரே திரையில் சேர்ந்தன.

மலையேறிய பெட்டி வேறொரு தட்பவெப்பத்தைச் சந்தித்தது. போடி மழைமறைவுப் பகுதி. அங்கே கணினியின் பகை வெப்பமும் தூசியும். பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து மேசைவிசிறியைத் திருப்பிவிடுவதே அடிவாரத்து முதல் மாற்றியமைப்பு. அடுத்தது துளை: பக்கத் தகட்டில் வட்டம் வரைந்து, வரிசையாகத் துளையிட்டு, அரத்தால் ராவி, 80 அல்லது 120 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்துவது. 1,300 மீட்டருக்கு மேலுள்ள முகட்டிலோ தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தை வீட்டுக்குள்ளேயே அனுப்பும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஒரே விசிறி ஒரே வேகத்தில் அதற்கேற்பக் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். குளிர்ந்த சூழல் அந்த இழப்பை ஈடுசெய்துவிடுகிறது. அங்கே சிக்கல் ஈரம். ஓடும் கணினியின் உட்பகுதி சூழலைவிட வெப்பமாக இருப்பதால் அதில் பனி படியாது. அணைத்துவைத்த கணினியில்தான் படியும். மின்வெட்டு நீண்ட நாள்களில் மலைக்கணினிக்கு நேர்ந்த கேடு இதுதான். அடிவாரத்தில் உதவிய துளை முகட்டில் வேறு வகையிலும் தீங்காயிற்று: மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள எஃகுத் தகட்டை அறுத்தவுடன் வெட்டுமுனை வெறும் இரும்பாகிறது, இரண்டு பருவமழைக்குள் துரு விளிம்பிலிருந்து தொடங்கும். முனைக்கு வண்ணம் பூசுவது அங்கே அலங்காரம் அன்று.

காற்றோட்டம் பற்றிய அறிவு அம்மலைக்குப் புதிதும் அன்று. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு வெளியே இருக்கும். தகரக் குழாய்கள் அறைக்குள் ஓடி 45 முதல் 55 பாகை வெப்பம் தரும். பச்சைக்காயின் எண்பது விழுக்காட்டளவு ஈரம் பத்து, பன்னிரண்டாகக் குறையும்வரை, ஈரக்காற்றை மேலே உள்ள திறப்புகள் வழியே எந்த நேரத்தில் வெளியேற்றுவது, எப்போது மூடுவது என்பதே அத்தொழிலின் நுட்பம். கீழே குளிர்காற்று உள்ளே, மேலே வெப்பக்காற்று வெளியே என்னும் ஏ.டி.எக்ஸ். பெட்டியின் இலக்கணமும் இதுவே. ஒன்றிலிருந்து மற்றது கற்கப்பட்டது என்பதற்குச் சான்று தேவை. ஆனால் தகரத்தை வளைத்து வெப்பத்தை வழிநடத்தும் பட்டறை மரபு கணினிக்கு முன்பே அங்கிருந்தது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், இதை அமெரிக்கப் பழக்கத்தின் தாமதமான நகல் என்று எழுதுவது எளிய பிழை.

ஒன்றை மட்டும் எல்லாரும் உடலால் அறிந்திருந்தனர்: பெட்டியைத் தொட்டால் ‘சுர்’ரென்ற அதிர்வு. மின்வழங்கியின் வடிகட்டியில் உள்ள இரு சிறு மின்தேக்கிகள் பெட்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளன. நிலத்தொடர்பு இல்லாதபோது பெட்டி வீட்டு மின்னழுத்தத்தின் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் பொதுவாக ஆளைக் கொல்லாது. பாறைமண்ணில் நிலத்தொடர்புக் குழியின் தடை கூடுதல். பழைய தோட்ட லயங்களில் இருமுனை இணைப்புகளே பல. ரப்பர்ச் செருப்பு அணிந்து கணினிமுன் அமர்வது ஒரு தீர்வாயிற்று. மூன்றாம் முனைக்கு உரிய கம்பி போட்டிருந்தால் வேண்டாத தீர்வு அது. உலோகப் பெட்டியின் வரலாற்றில் வீட்டின் கம்பியிணைப்பும், அதனால் அவ்வீட்டின் வர்க்க நிலையும் அடங்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. மடிக்கணினியில் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதன்பின் மேசைக்கணினியைத் தானே பூட்டுவோர் பெரும்பாலும் விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் அதை நாடியவர்கள். அவர்களுடைய பெட்டி கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் பொருத்தப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. முன்பு பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக் துண்டு வாங்கி, ஹாக்ஸா பிளேடால் அறுத்துச் செய்தது இன்று விலைப்பட்டியலில் ஒரு வரி.

பழைய பெட்டிகளே இவ்வரலாற்றின் ஆவணங்கள். பூட்டிய நாளைக் குறித்த மார்க்கர் எழுத்து, கடையின் உத்தரவாத ஒட்டுத்தாள், இரண்டாம் முறை இடம்மாற்றிய பித்தளைத் தாங்கியின் தழும்பு, கோணலான துளை ஆகியவை உட்பக்கத் தகட்டில்தான் இருக்கும். 2012 மே முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் அவற்றை மறுசுழற்சிக்குரியவை என்கின்றன, அருங்காட்சியகங்கள் கேட்பதில்லை. பழைய இரும்புக்கடையில் தாய்ப்பலகை தனியே, செம்புக்காக மின்வழங்கி தனியே, அலுமினிய வெப்பத்தாங்கி தனியே பிரிக்கப்படுகின்றன. எஞ்சிய கேபினட்டுக்கு இரும்பு விலை இல்லை. தகரம் என்று ஒதுக்கி, மிதித்துத் தட்டையாக்கி, எடை போடுகிறார்கள்.