கணினித் திரையில் அவதாரம்

அவதாரம் என்னும் சொல் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து நெடுங்காலமாயிற்று. ‘இறங்கி வருதல்’ என்பது அதன் பொருள். மேலுலகத்து இறைவன் மண்ணுலகில் ஓர் உடல் தாங்கி வருதலை நம் முன்னோர் அச்சொல்லாற் குறித்தனர். கம்பநாடர் தம் காவியத்துக்கு இராமாவதாரம் என்றே பெயரிட்டதை நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். இன்று அதே மாணவரை நோக்கி, ‘அவதாரம் என்றால் என்ன?’ என வினவினால், அவர்களுட் பலர் கணினி விளையாட்டில் தமக்கென அமைத்துக்கொண்ட உருவத்தையே சுட்டுவர். அதன் சட்டையையும் தலைமுடியையும் முகத்தையும் தாமே தேர்ந்தெடுத்ததைப் பெருமையோடு கூறவும் செய்வர்.

இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியர் உளர். யானும் ஒரு காலத்தில் அவருள் ஒருவனாகவே இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவள் ஒரு சிறுமி. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டிருந்த அக்காலத்தில் எம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டிற் சதுரக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எம் பள்ளியையே கட்டி முடித்திருந்தாள். சபை கூடும் திடலும், சிற்றுண்டிச்சாலையும், கொடிக்கம்பமும் அதில் இருந்தன. நூலகத்தில் உடைந்து கிடந்த சன்னல் கூட விடுபடவில்லை. சில திங்கள் கழித்து அவளுடைய தமையனின் கைப்பேசி பழுதுற்றது. பள்ளியும் அதனோடு மறைந்தது. “ஐயா, நான் கட்டிய பள்ளி இப்போது எங்கே இருக்கிறது?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்தும் ஒரு பிள்ளையின் வினாவுக்கு வாய் திறக்க இயலாமற் போனமை என்னை உறுத்தியது. அதன் பின்னரே இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மெய்நிகர் உலகங்களை அமைத்தோர் சிலர். அவற்றுட் குடிபுகுந்து கட்டியும் எழுதியும் உடுத்தியும் ஆடியும் அவற்றுக்கு உயிரூட்டினோர் பலர். அப்பலர் படைத்தவை யாருக்கு உரியவை என்னும் வழக்கே இவ்வரலாற்றின் நடுநரம்பாக ஓடுகிறது. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

இங்கிலாந்து நாட்டின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒரே வேளையிற் புகுந்து உலவத்தக்க கற்பனை நிலம் ஒன்றைக் கணினியில் அமைத்தார். அவருடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்து நிறைவு செய்தார். ‘மட்’ என்பது அதன் பெயர். அங்கே படம் எதுவும் இல்லை. எல்லாம் எழுத்தே. வடக்கே செல்க என்று தட்டச்சுச் செய்தால், வடக்கே இருப்பது இன்னது என எழுத்துகள் திரையில் தோன்றும். பெயரும் சொல்லுமே ஒருவரின் உடல். புறநானூற்றுப் பாடலைப் படித்து ஒரு போர்க்களத்தை மனக்கண்ணிற் காணப் பழகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. எனினும் இந்நிலத்தை எழுதியவர் ஆசிரியர், உலவியவர் வாசகர். வாசகர் தாமே எழுதும் காலம் அப்போது வந்திருக்கவில்லை.

படமும் உடலும் வந்தது அமெரிக்காவில். லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த சிப் மார்னிங்ஸ்டார், ரேண்டி ஃபார்மர் ஆகியோர் 1985ஆம் ஆண்டிற் பணியைத் தொடங்கி, ‘ஹேபிடாட்’ என்னும் நகரை உருவாக்கினர். 1986ஆம் ஆண்டிலிருந்து 1988ஆம் ஆண்டு வரை அது சோதனை அளவில் நடந்தது. பயனர் தம் வீட்டிலுள்ள கொமடோர் 64 என்னும் சிறு கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் குவாண்டம் லிங்க் என்னும் சேவையோடு இணைப்பர். அக்கணினியின் நினைவகம் 64 கிலோபைட்டு. கம்பி வழியே செல்லும் செய்தியோ நொடிக்கு 300 பிட்டு. இன்று நம் கைப்பேசியில் வரும் ஒரு வணக்கப் படத்தை அக்கம்பியில் அனுப்பினால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இத்துணை வறுமையிலும் அவர்கள் ஒரு நகரைக் கட்டினர். திரையில் மாந்தர் நடந்தனர். அவர் பேசுவது தலைக்கு மேலே ஒரு குமிழில் எழுத்தாகத் தோன்றியது. கைப்பொருளை எடுக்கவும் கொடுக்கவும் இயன்றது. தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள்ளவும் இயன்றது.

இத்திரை மாந்தர்க்கு மார்னிங்ஸ்டார் இட்ட பெயரே அவதாரம் என்பது. பயனர் அவ்வுலகுக்கு வெளியே இருப்பவர். உள்ளே செயலாற்ற அவருக்கு ஓர் உடல் வேண்டும். ஆதலின் இறைவன் உடல் தாங்குவது போன்றது இது என்பது அவர் கண்ட ஒப்புமை. 1985ஆம் ஆண்டில், ‘அல்டிமா’ என்னும் விளையாட்டு வரிசையின் நான்காம் பகுதி இச்சொல்லைத் தன் தலைப்பிற் கொண்டிருந்தது. ஆயின் அங்கே அது அறநெறியில் உயர்ந்த ஒருவன் எய்தும் நிலையைக் குறித்தது. 1992ஆம் ஆண்டில் நீல் ஸ்டீவன்சன் எழுதிய ‘ஸ்னோ கிராஷ்’ என்னும் நாவல் இச்சொல்லை உலகெங்கும் பரப்பியது.

ஒப்புமை முற்றும் பொருந்துகிறதா என்பது ஆராயத்தக்கது. அவதாரம் எடுத்த இறைவன் உலகைக் காக்க வருகிறான். நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவன் திரையிலுள்ள உருவத்துட் புகுவதை நம் மரபு வேறு பெயரால் அழைத்திருக்கும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பதே அது. சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கிய சிவயோகியார் அவன் உடலிற் புகுந்து திருமூலர் ஆனார் என்பது வரலாறு. திரும்பி வந்து பார்த்தபோது தாம் விட்டுச் சென்ற உடலைக் காணவில்லை. மார்னிங்ஸ்டார் தமிழறிந்தவராக இருந்திருப்பின் எச்சொல்லைத் தேர்ந்திருப்பாரோ, யாமறியோம்.

ஹேபிடாட் நகரில் நிகழ்ந்தவற்றை அதனை அமைத்த இருவருமே பின்னாளில் ஒரு கட்டுரையாக எழுதி, 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கூடிய மாநாட்டிற் படித்தனர். தம் தோல்விகளை ஒளிக்காமற் கூறும் கட்டுரை அது. பயனர்க்கென ஒரு தீவில் புதையல் வேட்டையை அவர்கள் பல வாரம் உழைத்துத் திட்டமிட்டனர். அது பல நாள் நீடிக்கும் என எண்ணியிருந்தனர். ஒருவர் எட்டு மணி நேரத்திற் கண்டுபிடித்துவிட்டார். பலருக்கு வேட்டையிற் கலந்துகொள்ளும் வாய்ப்பே கிட்டவில்லை.

மற்றொன்று இன்னும் சுவையானது. நகரின் ஒரு பகுதியில் இருந்த விற்பனைப் பொறி பொம்மையை 75 காசுக்கு விற்றது. நகரின் மறுபகுதியில் இருந்த அடகுப் பொறியோ அதே பொம்மையை 100 காசுக்கு வாங்கியது. கண்டுபிடித்த சிலர் ஓர் இரவு முழுவதும் நடையாய் நடந்தனர். பொம்மை விற்ற காசில், 18,000 காசு விலையுள்ள பளிங்குப் பந்துகளை வாங்கி, 30,000 காசுக்கு அடகு வைத்தனர். பொழுது விடிந்தபோது நகரின் பணப்புழக்கம் ஐந்து மடங்காகியிருந்தது! அப்பணத்தை அவர்கள் என் செய்தனர் என்பதே கருதத்தக்கது. தாமே புதையல் வேட்டைகளை ஏற்பாடு செய்து, மற்றவர்க்குப் பரிசாக வழங்கினர். நிறுவனம் திட்டமிட்ட வேட்டை பொய்த்தது. குடிமக்கள் நடத்தியது நிலைத்தது.

குடிமக்கள் அதனோடு நிற்கவில்லை. ஒருவர் வாரந்தோறும் பல பக்கங்கள் கொண்ட செய்தித்தாளைத் தாமே எழுதி வெளியிட்டார். நகரிற் கொள்ளையும் கொலையும் மிகுந்தபோது, நேர்வாழ்வில் கிறித்தவ குருவாக இருந்த ஒருவர் ஒரு சமயச் சபையை நிறுவினார். ஆயுதம் ஏந்தலாகாது, திருடலாகாது என்பன அதன் விதிகள். ஓர் அவதாரத்தைக் கொல்வது குற்றமா, விளையாட்டின் ஒரு கூறா என்னும் வினாவுக்கு மக்கள் கருத்தைக் கேட்டபோது அது சரிபாதியாகப் பிரிந்தது. நகரெல்லைக்குள் ஆயுதமும் களவும் இல்லை, வெளியே தடையில்லை என்று முடிவாயிற்று. மருதமும் பாலையும் போல் ஒரே உலகில் இரு நிலங்கள்! மையத்தில் அமர்ந்து அனைத்தையும் திட்டமிட இயலாது, மக்கள் செல்லும் வழியைக் கண்டு அதன் பின்னே செல்வதே தக்கது என்பது அவ்விருவரும் கற்றுக்கொண்ட பாடம். பாடத்திட்டம் வகுப்போர்க்கும் அக்கட்டுரையைப் படிக்கத் தரலாம் என எனக்குத் தோன்றியதுண்டு.

1989ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் அமைத்த ‘டைனிமட்’ என்னும் எழுத்துலகில் பயனரே அறைகளையும் பொருள்களையும் எழுதிச் சேர்க்க இயன்றது. வாசகர் எழுத்தாளரானார். அடுத்த ஆண்டு, சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய ‘லாம்ப்டாமூ’ இவ்வுரிமையை மேலும் விரித்தது. ஆயினும் ஆக்கும் கை அழிக்கவும் வல்லது. அவ்வுலகில் ஒருவன் தான் எழுதிய நிரலைக் கொண்டு பிறருடைய அவதாரங்கள் இழிசெயல் புரிவதாகத் திரையில் எழுத்துகள் தோன்றச் செய்தான். எழுத்துத்தானே என்று தள்ளிவிட இயலவில்லை. துன்புற்ற பெண் ஒருவர் அதனைப் பற்றி எழுதும்போது உண்மையாகவே கண்ணீர் விட்டார் என்பதை, 1993ஆம் ஆண்டில் ஜூலியன் டிபெல் என்னும் இதழாளர் எழுதிய கட்டுரை பதிவு செய்துள்ளது. ஊர் கூடி விவாதித்தது. முடிவெட்டாத நிலையில் ஆட்சியாளர் ஒருவர் அவனுடைய உருவை நீக்கினார். பின்னர் மனுக் கொடுக்கவும் வாக்களிக்கவும் முறை வகுக்கப்பட்டது. உடல் பொய்யாயினும் அவமானம் பொய்யன்று என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இதனினும் தெளிவான சான்று வேண்டா.

உரிமை வழக்கு நேராக வெடித்தது 2003ஆம் ஆண்டுக்குப் பின்னர். அவ்வாண்டு ஜூன் திங்களில் பிலிப் ரோஸ்டேலின் லிண்டன் லேப் நிறுவனம் ‘செகண்ட் லைஃப்’ என்னும் உலகைத் திறந்தது. வெல்லவேண்டிய பகைவரோ அடையவேண்டிய பரிசோ அங்கில்லை. எளிய வடிவங்களை இணைத்து வீடும் உடையும் மரமும் படைப்பதே அங்கு வேலை. பயனர் படைத்தவற்றின் அறிவுசார் உரிமை பயனர்க்கே உரியது என்று அந்நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. அது புதுமையான அறிவிப்பு. தையற்காரரும் தச்சரும் நிலவணிகரும் அங்கே தோன்றினர். ‘ஆன்ஷி சுங்’ என்னும் அவதாரம் 2006ஆம் ஆண்டில் ‘பிசினஸ்வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்றது. மாலைத்தீவும் சுவீடனும் 2007ஆம் ஆண்டில் தூதரகம் திறந்தன.

அதற்குள் ஒரு வழக்கு நீதிமன்றம் ஏறியிருந்தது. அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் முறையற்ற வழியில் நிலம் வாங்கினார் என்று கூறி நிறுவனம் அவர் கணக்கை முடக்கிற்று. அவர் தம் நிலத்தைக் கேட்டு வழக்காடினார். நடுவர் மன்றத்துக்கே செல்லவேண்டும் என்னும் ஒப்பந்த விதி பயனர்க்கு நேர்மையற்றது என 2007ஆம் ஆண்டில் நீதிமன்றம் கூறியது. பின்னர் இரு தரப்பும் தமக்குள் இணங்கிப் போயின. திரையில் வாங்கிய நிலம் வாங்கியவருக்குச் சொந்தமா என்னும் மூலவினாவுக்கு விடை கிடைக்காமலே வழக்கு முடிந்தது.

விடை கிடைக்காத அவ்வினா, உலகங்கள் மூடப்படும்போது கூர்மையாகிறது. ‘சிம்ஸ் ஆன்லைன்’ 2008ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கூகுள் நிறுவனம் அதே ஆண்டிற் தொடங்கிய ‘லைவ்லி’ அவ்வாண்டு இறுதியைத் தாண்டவில்லை. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்னும் உலகம் 2004ஆம் ஆண்டிற் பிறந்தது. தத்தம் வீரனுக்கு உடையும் தோற்றமும் வகுப்பதிலேயே பயனர் பல மணி நேரம் செலவிட்ட உலகம் அது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அதனை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தபோது, பயனர் தம் அவதாரங்களோடு கையில் தீப்பந்தம் ஏந்தி ஒரு பூங்காவிற் கூடினர். நிறுவனம் இரங்கவில்லை. ஆயினும் அன்பர்கள் விடவில்லை. அவ்வுலகைத் தாமே மீண்டும் இயக்கினர்; 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் உரிமை பெற்ற நிறுவனமே அவர்களுக்கு முறையான இசைவு வழங்கிற்று.

இன்று நம் மாணவர் உலவும் மைன்கிராஃப்ட் 2009ஆம் ஆண்டிற் சுவீடனில் தோன்றியது. 2014ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை 250 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. ரோப்லாக்ஸ் 2006ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. அங்கே விளையாட்டுகளை இயற்றுவோரிற் சிறுவரும் உளர். பிள்ளைகளின் உழைப்பால் வரும் வருவாயில் அவர்களுக்கு உரிய பங்கு எவ்வளவு என்னும் கேள்வி அங்கு எழுந்துள்ளது. அது தனியே எழுதத்தக்கது. இவை வெறும் சிறுபிள்ளை விளையாட்டென்று கருதுவோர்க்கு ஒரு செய்தி: 2020ஆம் ஆண்டு மார்ச்சில், எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு மைன்கிராஃப்டில் ஒரு பெரும் நூலகத்தைக் கட்டுவித்தது. தம் நாடுகளில் தடை செய்யப்பட்ட இதழாளரின் கட்டுரைகள் அங்கே நூல்களாக வைக்கப்பட்டன. செய்தித்தாள் நுழைய முடியாத நாட்டில் விளையாட்டு நுழைந்தது.

ஹேபிடாட் நகரும் முற்றும் அழியவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரிலுள்ள எண்மக் கலை அருங்காட்சியகத்தின் முயற்சியால் அதன் பழைய நிரல் 2016ஆம் ஆண்டிற் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் நகரமும் மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. அப்பணியில் முன்னின்றவர், அதனை முதலிற் கட்டிய ரேண்டி ஃபார்மரே ஆவார்.

எம் மாணவிக்கு இவற்றையெல்லாம் ஒருநாள் எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, தன் பள்ளியை வேறொரு கருவியில் மீண்டும் கட்டி வருவதாகக் கூறினாள். அடுத்த வாரம் காட்டினாள். நூலகத்தின் சன்னல் இம்முறை உடையாமல் இருந்தது. “நீங்கள் சரிசெய்யவில்லையே, ஐயா, அதனால் நானே சரிசெய்துவிட்டேன்” என்றாள்.