இணையச் சுற்றுவழி

இணையச் சுற்றுவழி என்பது பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய தரவு, எங்கோ ஒரு நகரத்தையோ நாட்டையோ தொட்டுவிட்டு வந்து சேருவது. வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் உள்ள கணினியிலிருந்து ஆம்பூரில் உள்ள கணினிக்கு நேராக ஒரு கோப்பு அனுப்புவதாகக் கொள்வோம். இரண்டு இடத்திலும் வேறு வேறு நிறுவனத்தின் இணைப்பு இருந்தால், அந்த நிறுவனங்கள் கைகோக்கும் இடம் பெரும்பாலும் சென்னைதான். கோப்பு அங்கே போய்த்தான் ஆம்பூருக்குத் திரும்பும்.

முன்பிருந்த நிலையைப் பார்த்தால் இதுவே முன்னேற்றம். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் வழங்கியது. 1998இல் தனியாரும் வந்தார்கள். ஆளுக்கொரு வெளிநாட்டு இணைப்பை வாங்கினார்களே தவிர, உள்ளூரில் தங்களுக்குள் இணைந்துகொள்ளப் பொதுவான இடம் இல்லை. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே போகும் மின்னஞ்சல்கூடக் கடல் கடந்து வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வேலைக்கு டாலரில் பணம் அழுதார்கள். அதைக் குறைக்கவே 2003இல் நிக்சி என்ற தேசிய இணையப் பரிமாற்ற மையம் உருவானது. சென்னையிலும் அதற்கு ஒரு முனையம் அமைந்தது. ஆனால் எல்லா நிறுவனங்களும் தம் முகவரிகள் முழுவதையும் அங்கே அறிவிக்கவில்லை. அதனால் சுற்றல் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை.

சுற்றலைக் கண்ணால் காட்டுவது ‘டிரேஸ்ரூட்’ என்ற கட்டளை. வழியில் தரவைக் கைமாற்றிவிடும் ஒவ்வொரு ரூட்டரும் ஒரு வரியாகத் திரையில் விழும்; எதிரே, அங்கே போய்வர ஆன நேரம் மில்லிவிநாடியில் இருக்கும். ரூட்டர்களின் பெயரில் விமான நிலையக் குறியீட்டைச் சேர்ப்பது பொறியாளர் வழக்கம். சென்னைக்கு எம்.ஏ.ஏ., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என். உள்ளூர்ப் பயணத்தின் நடுவே எஸ்.ஐ.என். தலைகாட்டி, நேரமும் திடீரென ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தப் பெயர்களை வைத்தே 2013இல் அமெரிக்கப் பொறியாளர் ரயன் வெர்பர் ஓர் அருமையான வேடிக்கை செய்தார்: அவர் தந்த முகவரிக்கு டிரேஸ்ரூட் போட்டால், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் முன்கதை வரிவரியாக ஓடியது. பொறியாளர்களின் இத்தகைய வேடிக்கை புதிதல்ல: 1990 ஏப்ரல் 1 அன்றே டேவிட் வைட்ஸ்மன் புறாவின் காலில் தரவுப் பாக்கெட்டைக் கட்டி அனுப்பும் நெறிமுறையை முறையான ஆவணமாகவே எழுதினார். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரில் அதைச் செய்தும் பார்த்தார்கள். ஒன்பது பாக்கெட்டுகள் போயின, நான்குக்கு மட்டுமே மறுமொழி வந்தது. அவற்றில் வேகமானதற்கே 53 நிமிடம் ஆனது.

சிரிக்க முடியாத சுற்றலும் உண்டு. இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்வது 1989இல் பிறந்த பி.ஜி.பி. நெறிமுறையில்தான். அதில், “இந்த முகவரிக்கு என் வழியாக வா” என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், அடுத்தவர் சரிபார்க்காமலே நம்பிவிட முடியும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் நின்றுபோனது. 2015 நவம்பர் 6 அன்று ஏர்டெல் வலையமைப்பு பிறருடைய 16,000க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவிடமிருந்து இதேபோன்ற தவறான அறிவிப்புகள் 30,000க்கு மேல் கிளம்பின.

இதற்கு மருந்தாக வந்தது ஆர்.பி.கே.ஐ. என்னும் மின்கையொப்பச் சான்று. முகவரி யாருக்கு உரியது என்பதை அது உறுதிசெய்யும். ஆனால் உரிய முகவரியைத் தவறான வழியில் கசியவிட்டால் அதனால் மட்டும் தடுக்க முடியாது. வழியையும் சரிபார்க்கும் முறைகள் இன்னும் பரவலாகவில்லை.