எழுதாக் கணக்கும் எழுதாத மெட்டும்

'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்பார்கள் நம் பெரியவர்கள். கடைக் கணக்குக்குச் சொன்ன பழமொழி அது. பாட்டுக்கும் அது பொருந்தும் என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

நம் தோட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். இளமையில் காண்டா தூக்கிப் பால் மரம் வெட்டியவர். பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு விடியலில் பெரட்டுக்குப் போகும் தாயின் தவிப்பை ஒரு தாலாட்டாகப் பாடுவார். பள்ளி விழாவுக்கு உதவுமே என்று ஒருநாள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பாடலை வரி வரியாக எழுதிக்கொண்டேன்.

"சொல்ல எழுதிட்டீங்க. நான் இழுக்கிற இழுப்பை எதுல எழுதுவீங்க, வாத்தியாரே?" என்று கேட்டுச் சிரித்தார்.

"அடுத்த வாரம் வந்து எழுதிக்கிறேன் பாட்டி" என்றேன். அடுத்த வாரம் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் பாட்டியே இல்லை. சொல் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மெட்டு அவரோடு போய்விட்டது.

இசையை எழுத்தில் பிடித்து வைக்க மனிதன் பட்ட பாடு என்ன என்று அதன் பிறகே தேடிப் படித்தேன். படித்ததைப் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கல்லில் எழுதிய பாடம்

சிலப்பதிகாரக் காலத்திலேயே நம்மவர் ஏழு சுரங்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டில், ஓர் அரசர் சுரங்களை நான்கு நான்காகக் கூட்டிப் பாறையில் வெட்டி வைத்தார். மாணவர்களின் நன்மைக்காகவே இதைச் செய்ததாக அந்தக் கல்வெட்டே கூறுகிறது. எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஆனால் ஒரு குறை. ச, ரி, க என்னும் எழுத்துகள் அதில் பலவாறு உயிர்மாறி வருகின்றன. எந்த மாற்றம் எதைக் குறிக்கும் என்ற விதியை உடன் எழுதி வைக்கவில்லை. ஆகவே, அறிஞர்கள் இன்றும் அதற்கு வெவ்வேறு பொருள் சொல்கிறார்கள். கல் நிலைத்தது, பாடும் முறை நிலைக்கவில்லை.

தேவாரத்தின் கதையும் நாம் நினைக்கத் தக்கது. சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது பலவற்றைக் கறையான் தின்றிருந்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. எஞ்சிய ஏடுகளில் சொல் கிடைத்தது. பண்? அதற்காகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிச் சென்றார்களாம். ஏட்டில் இல்லாத இசை அந்தப் பெண்ணின் தொண்டையில் இருந்தது. அவரும் இல்லாமற் போயிருந்தால்?

கோடு போட்ட துறவி

இராசேந்திர சோழனின் படை கடாரத்துக்கு வந்த 1025-ஆம் ஆண்டையொட்டி, இத்தாலி நாட்டில் குய்தோ என்ற கிறித்துவத் துறவி சிறுவர்களுக்குத் தேவாலயப் பாட்டுக் கற்பித்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் அங்கே பாட்டு வரிகளுக்கு மேலே சிறு சிறு வளைவுக் குறிகள் போடுவார்கள். குரல் ஏறுகிறது, இறங்குகிறது என்று அவை காட்டும். எவ்வளவு ஏறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டா. பாட்டை முன்பே கேட்டவனுக்கு அவை நினைவூட்டும், கேட்காதவனுக்கு உதவா.

குய்தோ கோடுகளைப் போட்டார். ஒவ்வொரு கோடும், ஒவ்வோர் இடைவெளியும் ஒரு சுரத்துக்கு உரிய இடம் என்று விதி வகுத்தார். முக்கியமான கோடுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் தீட்டினார். ஒரு துதிப்பாடலின் அடிகளில் முதலசைகளை எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயர் சூட்டினார். நம் பிள்ளைகள் இசைப் பாடத்தில் பாடும் 'டோ ரே மி' அதிலிருந்து வந்ததுதான்.

பத்தாண்டு பயின்றும் தேறாத பாட்டை ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்று அவர் எழுதினார். உடனிருந்த துறவிகள் பொறாமைப்பட்டார்கள். ஆனால் போப்பாண்டவர் 19-ஆம் யோவான் அவரை ரோமாபுரிக்கு அழைத்தார். தாம் முன்பு கேட்டறியாத ஒரு வரியை, ஏட்டைப் பார்த்தே பாடி வியந்தார். கேட்காத பாட்டைக் கண்ணால் பார்த்துப் பாடலாம் என்பது அன்று பெரிய புதுமை!

எட்டயபுரத்தில் ஒரு முதியவர்

நம் கர்நாடக இசையோ குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கே போய்க்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் பெரியோர் பாடல்கள் அழிந்துவிடுமே என்று கவலைப்பட்டார் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய சின்னசாமி முதலியார். 1893-இல் நம் கீர்த்தனைகளை மேலைநாட்டுக் கோட்டு முறையில் அச்சிட்டார். ஆனால் நம் பாட்டின் உயிரான கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடும் அழகு, அந்தக் கோடுகளுக்குள் எளிதில் அடங்கவில்லை.

முத்துசாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுர அரசரின் ஆதரவாலும் அவர் பரம்பரைச் சொத்தை ஏட்டில் இறக்கினார். ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி அமைத்தார். அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 65. இரண்டே ஆண்டில், 1906-இல் மறைந்தார். முத்துசாமி தீட்சிதரின் 200-க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் அந்நூலில் சுரத்துடன் உள்ளன. தெலுங்கில் வந்த அதைச் சென்னை சங்கீத வித்வத் சபை 1961 முதல் தமிழில் வெளியிட்டது. எழுதிய கை ஓய்ந்தது, பாட்டு ஓயவில்லை.

புள்ளி செய்த கூத்து

'இதெல்லாம் பெரிய வித்துவான்கள் விஷயம், நமக்கென்ன?' என்று எண்ணிவிடாதீர்கள். போன தடவை பரிசளிப்பு விழாப் பாட்டுக்கு நான் சுரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். திரும்பி வந்து கேட்டால் பாட்டே வேறாக இருந்தது. ச ரி க ம ப த நி என்று ஏறி மேல் ச-வைத் தொட வேண்டிய குரல், பொத்தென்று கீழே விழுந்தது.

"என்னப்பா இது?" என்றேன்.

"நீங்க ச-வுக்கு மேல புள்ளி வைக்கலியே, சார்" என்றாள் ஆறாம் ஆண்டு மாணவி.

குற்றம் என்னுடையது. என் மனசுக்குள் இருந்த புள்ளி தாளில் இல்லை! அன்றே விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. குறில் ஒரு அளவு, நெடில் இரண்டு. கால்புள்ளி ஒரு அளவு நீட்டம், அரைப்புள்ளி இரண்டு. எழுத்துகளுக்கு மேலே கோடு போட்டால் இரட்டை வேகம். தாளத்தின் உறுப்பு முடிந்தால் ஒரு நிற்கும் கோடு. ஆவர்த்தனம் முடிந்தால் இரண்டு. ஆதி தாளத்தில் 4, 2, 2 என எட்டு எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே தாளைப் பிறரிடம் கொடுக்க வேண்டும்.

நாம் அருகில் இல்லாதபோது படிப்பவருக்காகத்தான் எழுதுகிறோம். அவர் நம்மிடம் சந்தேகம் கேட்க முடியாது. எனவே, 'இதுகூடவா தெரியாது' என்று எந்தப் புள்ளியையும் விட்டுவிடக் கூடாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதும் மெய்தான். தாள் மட்டும் பாடாது. பாடுகிற வாயும் திருத்துகிற காதும் வேண்டும். ஆனால் வாய் மூடிய பிறகு நமக்கு மிஞ்சுவது தாள் ஒன்றே.

அண்மையில் அந்தப் பாட்டியின் மகளைத் தேடிப் போனோம். "எல்லாம் மறந்து போச்சு சார்" என்றவர், பிள்ளைகள் கெஞ்சியதும் இரண்டே இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்து, புள்ளியும் கோடும் விடாமல் எழுதிக்கொண்டோம். எழுதியதைப் பாடிக் காட்டி, அவர் "ஆமா, இப்படித்தான் அம்மா இழுக்கும்" என்று சொன்ன பிறகே எழுந்தோம். மற்ற வரிகள் போனது போனதுதான். இந்த இரண்டு வரியை இவ்வாண்டு விழா மேடையில் கேட்பீர்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தோடு இன்றைக்கே போய் உட்காருங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!