ஓங்கிய மட்டையும் உள்ளத்து நிய்யத்தும்



நுவரெலியாவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்லும் போதெல்லாம் நகரத்துக் கோல்ஃப் மைதானம் அவர்கள் கண்ணில் படும். அங்குள்ள கோல்ஃப் கழகம் 1889 இல், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஆரம்பிக்கப்பட்டது. ஒரு முறை பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கையில் ஒருவர் மட்டையை ஓங்கி வீசினார். பந்து அசையாமல் கிடந்தது. மீண்டும் வீசினார். பந்து அப்படியே இருந்தது. கிரிக்கெட்டிலேயே வளர்ந்த நம் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "சேர், அவருக்குப் பந்து படவே இல்லையே!"

"அது ஒத்திகை மகன். அடிக்கிறதுக்கு முன்னால கையைப் பழக்கிக்கொள்றார்" என்றோம்.

பின் ஆசனத்தில் இருந்த ஒருவன் விடவில்லை. "அப்படியெண்டா சேர், உண்மையாவே அடிச்சுத் தவறினாலும் ஒத்திகை எண்டு சொல்லித் தப்பலாந்தானே?"

பஸ்ஸில் வைத்து அதற்குச் சரியான பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. பிறகு தேடிப் படித்தோம். அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி, கோல்ஃப் விளையாட்டில் ஏறத்தாழ 280 வருடங்களாகப் பேசப்படுகிற கேள்வி என்று தெரிந்தது. படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

கோல்ஃபுக்கு எழுதப்பட்டவற்றுள் இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய விதிகள் 1744 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்குப் பக்கத்தில் லீத் என்ற இடத்தில் எழுதப்பட்டவை. மொத்தம் 13 விதிகள்தான். அதில் ஒன்று சொல்வதைக் கவனியுங்கள். பந்தை அடிப்பதற்காக மட்டையை ஓங்கி, அதைக் கீழே கொண்டுவரத் தொடங்கிவிட்ட பிறகு மட்டை உடைந்து போனாலும் அது ஓர் அடியாகவே கணக்கிடப்படும். பந்தில் பட்டதா இல்லையா என்று அந்த விதி கேட்கவில்லை. அடிக்கத்தான் ஓங்கினாயா, கீழே இறக்கத் தொடங்கிவிட்டாயா என்றுதான் கேட்கிறது.

இன்றைக்கு ஸ்கொட்லாந்தின் சென் அன்றூஸிலுள்ள அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வெளியிடும் விதிப் புத்தகமும் அதே அடிப்படையில்தான் நிற்கிறது. பந்தை அடிக்கும் நோக்கத்தோடு மட்டையை முன்னோக்கிக் கொண்டுவருவதுதான் அடி. அந்த நோக்கத்தோடு வீசிப் பந்தில் படாவிட்டாலும் ஓர் அடி போய்விடும். ஒத்திகைக்காக வீசினால் எத்தனை தடவை வீசினாலும் கணக்கில்லை. பாதி வழியில் மனதை மாற்றிக்கொண்டு, பந்தில் படாமல் வேண்டுமென்றே மட்டையை விலக்கினாலும் அது அடியில்லை.

உடலின் அசைவு இரண்டிலும் ஒன்றுதான். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பிரிப்பது நிய்யத் மட்டுமே. நமக்கு இது புதிய பாடம் இல்லை. பசியோடு இருப்பவரையும் நோன்பாளியையும் வெளியில் இருந்து பார்த்துப் பிரித்தறிய முடியுமா?

அப்படியானால் நம் மாணவன் சொன்னது போல ஏமாற்ற முடியாதா? முடியும். கோல்ஃபில் ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் ஒரு நடுவர் நடந்து வருவதில்லை. விதியை மீறினால் தானே சொல்லித் தனக்குத்தானே தண்டனை அடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் விதிப் புத்தகமே எதிர்பார்க்கிறது. இந்த நம்பிக்கை எப்படி நின்றுபிடித்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

முதலாவது 1925. அமெரிக்கப் பகிரங்கப் போட்டி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் நடந்தது. பொபி ஜோன்ஸ் அக்காலத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர். கடைசி வரை பணத்துக்காக விளையாடாமல் பொழுதுபோக்கு வீரராகவே இருந்தவர். முதற் சுற்றில் நீண்ட புல்லுக்குள் கிடந்த பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்து அடிக்கத் தயாரானபோது பந்து சற்றே அசைந்தது. வேறு யாரும் அதைக் காணவில்லை. அதிகாரிகள் முடிவை அவரிடமே விட்டார்கள். பந்து அசைந்தது என்று அவர் உறுதியாகச் சொல்லி, தனக்கு ஒரு தண்டனை அடி போட்டுக்கொண்டார். போட்டி முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமநிலை. மேலதிகச் சுற்றில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் மேலதிகச் சுற்றே தேவைப்பட்டிருக்காது. நேர்மைக்காகப் பிறர் புகழ்ந்தபோது அவர் அதை விரும்பவில்லை. களவெடுக்காமல் இருப்பதற்கு ஒருவரைப் பாராட்டுவீர்களா என்பதுதான் அவர் பதிலின் சாரம். விளையாட்டு ஒழுக்கத்துக்காக அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் வழங்கும் விருது 1955 முதல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டாவது 2016. அதே அமெரிக்கப் பகிரங்கப் போட்டி, பென்சில்வேனியாவின் ஓக்மொண்ட் மைதானத்தில். கடைசி நாள், ஐந்தாவது குழி. டஸ்டின் ஜோன்சன் குழிக்குப் பக்கத்து வழவழப்பான புல்லில் கிடந்த பந்தின் அருகே இரண்டொரு ஒத்திகை வீச்சுச் செய்தார். பிறகு அடிக்கப் போகும்போது பந்து மயிரிழை அளவு நகர்ந்தது. உடனே விலகி நின்று நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னார். தான் அசைக்கவில்லை என்றார். தண்டனை இல்லை என்று நடுவர் விளையாட விட்டார். ஆனால் பன்னிரண்டாவது குழியில் அதிகாரிகள் வந்து, போட்டி முடிந்த பிறகு தண்டனை வரக்கூடும் என்றார்கள். தன் புள்ளி என்னவென்றே நிச்சயமாகத் தெரியாமல் மிச்சக் குழிகளை அவர் விளையாடினார். முடிவில் ஓர் அடி தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார்.

ஆனால் உலகம் முழுதும் கேள்வி எழுந்தது. நோக்கமில்லாமல் நடந்ததற்குத் தண்டனை எதற்கு? அடுத்த வருடமே, 2017 ஜனவரி 1 முதல், குழியைச் சுற்றியுள்ள அந்தப் புற்பரப்பில் தற்செயலாகப் பந்து அசைந்தால் தண்டனை இல்லை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 2019 இல் அது நிரந்தர விதியானது.

அதே 2019 இல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. முன்னாள் சம்பியன் ஸாக் ஜோன்சன் 13 ஆவது குழியின் முதல் அடிக்காகப் பந்தைச் சிறு முளையில் வைத்துவிட்டு ஒத்திகை வீச்சு வீசினார். மட்டை தவறுதலாகப் பந்தில் பட்டு, பந்து பக்கவாட்டில் பறந்தது. இலட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தண்டனை? இல்லை. அடிக்கும் நோக்கம் இல்லாததால் அது அடியே இல்லை, ஆட்டமும் அந்தக் குழியில் இன்னும் தொடங்கவில்லை. பந்தை எடுத்து மறுபடி வைத்து அடித்தார். இதே தவறு மைதானத்தின் நடுவில், ஆட்டத்திலுள்ள பந்துக்கு நடந்திருந்தால் ஒரு தண்டனை அடி உண்டு. பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். நோக்கம் இல்லாவிட்டாலும் கவனக் குறைவுக்கு ஒரு விலை இருக்கிறது.

சரி, இந்த ஒத்திகை எதற்கு? பென் ஹோகன் 1957 இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், அடிப்பதற்கு முன் மட்டையை முன்னும் பின்னும் அசைப்பது வெறும் பதற்றம் தீர்க்கும் வேலை இல்லை, வரப்போகும் அடியின் சிறிய ஒத்திகை என்று விளக்கினார். ஜக் நிக்லஸ் மனதுக்குள் ஒரு படம் ஓட்டிப் பார்ப்பார். பந்து எங்கே விழ வேண்டும், எப்படிப் பறந்து வர வேண்டும், அதற்குத் தான் எப்படி வீச வேண்டும் என்று. பிறகு தூரத்து இலக்கை விட்டுவிட்டு, பந்துக்குச் சில அடி முன்னால் அதே நேர்கோட்டில் ஓர் அடையாளத்தைத் தெரிவு செய்து அதைக் குறியாக வைத்துக்கொள்வார். தூரத்துக் கொடியை விடக் காலடியிலுள்ள புல் நுனிக்கு நேராக நிற்பது இலகுவல்லவா?

ஆனால் மருந்தும் அளவு மீறினால் நோயாகும். 2002 இல் நியூயோர்க்கில் நடந்த அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஸ்பெயின் வீரர் செர்ஜியோ கார்சியா மட்டையைப் பிடித்துப் பிடித்து விடுவதைக் கூட்டம் சத்தமாக எண்ணத் தொடங்கியது. 2012 இல் ஃபுளோரிடாவில் நடந்த பெரிய போட்டியொன்றில் மூன்றாம் நாள் முடிவில் முன்னணியில் இருந்தவர் கெவின் நா. மட்டையை ஓங்குவார், மனம் இணங்காது, வேண்டுமென்றே பந்துக்கு மேலால் வீசிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். கூட்டம் கேலி செய்தது. கடைசி நாளில் 76 அடிகள் எடுத்துப் பின்தங்கினார். இரண்டு பேரும் பின்னர் தேறினார்கள். கார்சியா 2017 இல் மாஸ்டர்ஸ் வென்றார். விதிப் புத்தகமும் 2019 முதல், அடிக்கத் தடை ஏதும் இல்லாத நிலையில் 40 செக்கனுக்குள் அடிக்குமாறு பரிந்துரைக்கிறது.

கெவின் நாவைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு நம் பள்ளிவாசல்தான் ஞாபகம் வந்தது. வுழூ செய்துவிட்டு, செய்தோமா இல்லையா என்று திரும்பத் திரும்பக் கழுவுபவர்களைக் கண்டிருக்கிறோம். தக்பீர் கட்டிக் கட்டி அவிழ்ப்பவர்களைக் கண்டிருக்கிறோம். நாம் அதை வஸ்வாஸ் என்கிறோம். ஏற்பாடு நல்லது. ஏற்பாட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது ஷைத்தானின் வேலை என்று உலமாக்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

வகுப்பறையிலும் இதே இரண்டையும் பார்க்கிறோம். சாதாரண தரப் பரீட்சையில் கேள்வியை ஒரு தரம்கூடச் சரியாக வாசிக்காமல் எழுதத் தொடங்கும் பிள்ளை ஒரு பக்கம். எழுதி, அழித்து, திரும்ப எழுதி, நேரம் முடியும்போது பாதித் தாள் வெறுமையாகக் கொடுக்கும் பிள்ளை மறுபக்கம். பின்னவன் பாடம் தெரியாதவன் இல்லை. பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் நிற்பவன். பெற்றோரே, வீட்டில் நாம் "பிழை விடாதே" என்று நூறு தரம் சொல்கிறோம். "பிஸ்மி சொல்லு, கேள்வியை வாசி, எழுது" என்று ஒரு தரம் சொன்னால் போதுமென்று நினைக்கிறோம்.

அந்த மாணவனுக்கு இப்போது பதில் வைத்திருக்கிறோம். தப்பலாம் மகன். பார்த்தவர் எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கை தாள் உன் கையில்தான் இருக்கும். அதில் எழுதப் போவது நீதான், எதற்காக ஓங்கினாய் என்று அறிந்தவனும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம் பிள்ளைகளின் நிய்யத்தையும் முயற்சியையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.