அதே 1,600 கலோரி: தாது வருஷப் பஞ்சமும் டயட் ஆப்பும்

கூக்கால்ல இருந்து பேசுறேன். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை தாண்டி வந்தா எங்க ஊர். இந்த எபிசோட் நீங்க அனுப்பின ஒரு கேள்விக்கானது: "கம்மியா சாப்பிட்டா ஜீனே மாறி ஆயுள் கூடுமாமே, நம்ம முன்னோர்கள் அப்படித்தானே வாழ்ந்தாங்க?" இதுல ரெண்டு கேள்வி இருக்கு. முதல் கேள்விக்கு ஆய்வகம் பதில் சொல்லும். முன்னோர்கள் பத்தின கேள்விக்கு 1877க்குப் போகணும்.

முதல்ல ஆய்வகம். 1935ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் க்ளைவ் மெக்கேயும் அவர் குழுவும் எலிகளுக்கு உணவைக் குறைத்துக் கொடுத்தார்கள். கலோரி மட்டும்தான் குறைவு. விட்டமினும் தாது உப்பும் தேவையான அளவு கிடைச்சுது. அந்த எலிகள், குறிப்பா ஆண் எலிகள், வயிறார சாப்பிட்ட எலிகளை விட நீண்ட நாள் வாழ்ந்தன.

காரணம் பிற்பாடுதான் கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் "சாப்பாடு நிறைய இருக்கா"ன்னு பார்க்குற புரதங்கள் இருக்கு. அதுல ஒண்ணுதான் எம்-டார். உணவு தாராளமா இருந்தா "வளரு"ன்னு சொல்லும். உணவு குறைஞ்சா அது அடங்கி, செல் தன்னோட பழைய, பழுதான பாகங்களைப் பிரிச்சு மறுபடி பயன்படுத்த ஆரம்பிக்கும். இதுக்குப் பேர் ஆட்டோஃபேஜி. பசியில் இருந்த ஈஸ்ட் செல்களை வெச்சு இதை ஆராய்ந்த ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்க ஜீனோட எழுத்து மாறுறதில்லை. எங்க பாஷையில சொன்னா கோட் அப்படியே இருக்கு, எந்த ஃபங்ஷன் ஓடணும்ங்கிற செட்டிங்தான் மாறுது. டிஎன்ஏ மேல ஒட்டுற மெத்தில் குறிகள் அந்த செட்டிங்ல ஒரு வகை.

மனுஷங்க மேலயும் சோதிச்சிருக்காங்க. அமெரிக்காவில் நடந்த கலெரி ஆய்வில் உடல் பருமன் இல்லாத சுமார் 220 பேர் கலந்துக்கிட்டாங்க. ஒரு குழு ரெண்டு வருஷம் 25 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு. சராசரியா 12 சதவீதம்தான் முடிஞ்சுது, அதாவது நாளுக்குச் சுமார் 300 கலோரி. அவங்களுக்கு விட்டமின் மாத்திரையும் கொடுத்தாங்க. 2023ல் வெளியான முடிவுப்படி, மெத்தில் குறிகளை வெச்சு முதுமையின் வேகத்தை அளக்கிற ஒரு கணக்கில் 2 முதல் 3 சதவீதம் வேகம் குறைஞ்சிருந்தது. வேற ரெண்டு கணக்குகளில் மாற்றம் தெரியல. ஆக, பலன் இருக்கலாம். ஆனா சின்னது.

இப்போ முன்னோர்கள் கதைக்கு வருவோம்.

1876ல் மழை பொய்த்தது. நம்ம ஊர்ல தாது வருஷப் பஞ்சம்னு சொல்றது இதைத்தான். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிளை மெட்ராஸுக்கு அனுப்பினார். இதே டெம்பிள் 1874ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைச்சு ஏராளமான உயிரைக் காப்பாத்தினவர். அதுக்காக "அதிகம் செலவு பண்ணிட்டார்"னு திட்டு வாங்கினவர். இந்த முறை சிக்கனம் காட்டினார். நிவாரண வேலை செய்ற ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட கொஞ்சம் சில்லறை. இதுக்கு "டெம்பிள் கூலி"ன்னே பேர் வந்துடுச்சு.

450 கிராம் அரிசி கிட்டத்தட்ட 1,600 கலோரி. இன்னைக்கு எடை குறைக்கிற ஆப்பைத் திறந்தா பல பேருக்கு இதே மாதிரி எண்தான் வரும். ஆனா அந்த ஆப் நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கணக்குப் போடுது. எங்க கூக்கால் படிக்கட்டு வயல்ல நாள் முழுக்கக் குனிஞ்சு பூண்டு எடுக்கிறவரை நினைச்சுப் பாருங்க. குன்னூர்ல பிறந்து இப்போ ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, கடும் உழைப்பு செய்ற ஆணுக்கு நாளுக்கு சுமார் 3,470 கலோரி வேணும். 1877ல் மண் வெட்டினவங்களுக்கு அதில் பாதிகூட இல்லை.

அப்பவே இதைத் தட்டிக் கேட்ட ஒருத்தர் இருந்தார்: மெட்ராஸ் மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், கூடவே காய்கறியும் பருப்பு மாதிரி புரதமும் வேணும்னு வாதாடினார். அதே வருஷம் மெட்ராஸ் அரசு பாதி இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் கொடுத்தது. இருந்தும் அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையில் இன்னைக்கு நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுற பக்கிங்காம் கால்வாயில், அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு அந்தப் பஞ்சக் கூலி வேலையில வெட்டினதுதான்.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது என்னன்னா, மெக்கே எலிகளுக்குச் செய்ததும் கார்னிஷ் கேட்டதும் ஒரே விஷயம்: கலோரியைத் தாண்டியும் உடம்புக்குத் தேவை இருக்கு. அது கிடைக்காம குறைச்சா, அதுக்குப் பேர் பட்டினி.

பட்டினியும் ஜீன் மேல தடம் பதிக்கும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மன் முற்றுகையால் கடும் பஞ்சம். அந்த நேரத்தில் கருவானவர்களை 60 வருஷம் கழிச்சு, அவங்க கூடப் பிறந்தவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வளர்ச்சியோட தொடர்புள்ள ஐஜிஎஃப்2 என்ற ஜீனில் மெத்தில் குறிகள் குறைவா இருந்தன. 2008ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அம்மா பட்ட பசி, பிள்ளையோட செட்டிங்ல ஆயுசுக்கும் நின்னுடுச்சு.

அதனால "முன்னோர்கள் கம்மியா சாப்பிட்டாங்க"ன்னு யாராவது ஃபார்வர்ட் அனுப்பினா, எந்த முன்னோர்னு கேளுங்க. விரதம் இருந்து முடிச்சதும் இலை போட்டுச் சாப்பிட்டவரா, ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமந்தவரா? உட்கார்ந்து வேலை பார்க்கிற, தேவைக்கு மேல சாப்பிடுற என்னை மாதிரி ஆளுங்க கொஞ்சம் குறைச்சுக்கலாம். ஆனா கர்ப்பிணிகள், வளர்ற பிள்ளைகள், உடம்பு வத்திப்போன பெரியவங்க, சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவங்க, வீடியோ பார்த்துட்டு வேளைச் சாப்பாட்டை விட வேண்டாம். டாக்டர்கிட்ட கேளுங்க. நம்ம வீட்ல வேலை செய்ற அக்காவுக்கு டயட் சொல்றதுக்கு முன்னாடி, அவங்க காலையில சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.